பிள்ளை கத்தினால் கோயில் தீட்டாகாது



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில நிறுத்தாம படிங்க. சில பேருக்குக் கோபம் வரும், பரவால்ல. முழுசா படிச்சிட்டுக் கோபப்படுங்க.

இரண்டு வாரத்துக்கு முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசை. கூட்டம் நல்ல கூட்டம். ஒரு அம்மா தன் பையனோட வந்திருந்தாங்க. பையனுக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும். வரிசையில அரை மணி நேரம் நின்னாங்க. பையன் அம்மாவோட முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டு அமைதியாத்தான் நின்னான். தீபாராதனை நேரத்துல கரண்டு மேளத்தை முடுக்கினோம். அந்த மணியும் முரசும் சேர்ந்து அடிச்ச நொடியிலேயே பையன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுக் கத்த ஆரம்பிச்சான். தரையில படுத்துட்டான். அம்மா மண்டி போட்டு அவனை மடியில இழுத்துப் போட்டுக்கிட்டாங்க.

பின்னாலிருந்து ஒரு குரல்: "பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போம்மா, சாமி கும்பிட முடியல." அடுத்து இன்னொரு குரல்: "வளர்க்கத் தெரியாம வளர்த்தா இப்படித்தான்."

சொன்னவங்களை மட்டும் குறை சொல்ல நாங்க வரல. அந்த நேரத்தில் தொண்டர் சட்டை போட்டிருந்த எங்களில் ஒருவர்தான் பக்கத்துக் கதவைத் திறந்து அந்த அம்மாவுக்கு வழி காட்டினார். உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தார். ஆனால் நாங்கள் செய்தது என்ன? ஒரு தாயையும் பிள்ளையையும் தீபாராதனை நேரத்தில் கோயிலை விட்டு வெளியே அனுப்பினோம். பூசை முடிஞ்சு செருப்பு ரேக் பக்கம் போனப்ப அவங்க அர்ச்சனைத் தட்டு அங்கே இருந்துச்சு. தேங்காய் உடைக்கல. சீட்டுல பையனோட பேரும் நட்சத்திரமும் எழுதியிருந்துச்சு.

அதோட முடிஞ்சிருந்தா நாங்க வெட்கப்பட்டுக்கிட்டு சும்மா இருந்திருப்போம். அன்னிக்கு ராத்திரியே வாட்சாப் குழுவில் மூணு செய்தி. "இந்த மாதிரி பிள்ளைங்களை வீட்டுல வச்சிக்க வேண்டியதுதானே?" "கோயில்ல ஒரு கட்டுப்பாடு வேணும்." "போன ஜென்மத்து வினை, யார் என்ன செய்ய முடியும்?" கீழே கைகூப்பிய படங்கள் வரிசையா. மறுத்து ஒருத்தரும் எழுதல. நாங்களும் எழுதல. அந்தப் பதிலைத்தான் இப்போ எழுதுறோம்.

முதலில் "கட்டுப்பாடு" என்கிற வார்த்தையை எடுத்துக்குவோம்.

தைப்பூசத்தில் உருமி அடிக்கிறப்ப சாமி வந்து கத்துறவங்களை நாம என்ன செய்றோம்? கைகட்டி நிக்கிறோம், விபூதி கேக்குறோம், எலுமிச்சம்பழம் வாங்குறோம். கும்பாபிஷேகத்துல மண்டபத்தின் நடுவுல உட்கார்ந்து நேத்து பார்த்த நாடகக் கதைய சத்தமா பேசுறவங்களை யாரும் வெளியே அனுப்பினதில்ல. அபிஷேக நேரத்துல கைப்பேசி அடிக்கும், அதுக்கும் பதில் பேசுவாங்க. ஒரு டத்தோ வந்தா மொத்த வரிசையும் நிக்கும், மாலை போட்டு படம் எடுத்து முடியிற வரைக்கும் வயசான பாட்டிங்க கால் வலிக்க நிப்பாங்க. அப்பல்லாம் காணாமப் போற கட்டுப்பாடு, காதைப் பொத்திக்கிட்டு அழுற ஒரு எட்டு வயசுப் பிள்ளைகிட்ட மட்டும் எப்படி வருது? பெரியவங்க கத்தினா சாமி, சின்னப் பிள்ளை கத்தினா சனியனா?

அந்தப் பிள்ளை அடம் பிடிக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சத்தம், வெளிச்சம், வாசம், தொடுதல் எல்லாம் நமக்குத் தெரிவது போல் தெரிவதில்லை. நமக்கு மேளச் சத்தம்; அவனுக்கு அது காதுக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி வலியா இருக்கலாம். கற்பூர வாசம், ஈரத் தரை, முதுகுல இடிக்கிற கூட்டம், எல்லாம் ஒரே நேரத்துல சேர்ந்தா தாங்க முடியாம உடைஞ்சு போறாங்க. மிட்டாய் வேணும்னு அழுற பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தா அழுகை நிக்கும். இந்தப் பிள்ளைக்கு மேளம் நிக்கணும், கொஞ்சம் இடம் வேணும், நேரம் வேணும். அடி கொடுத்தா இன்னும் மோசமாகும். அந்த அம்மாவுக்கு இது தெரியும். அதனாலதான் அடிக்காம மடியில போட்டுக்கிட்டாங்க. அதைப் பார்த்துத்தான் நாம "வளர்க்கத் தெரியல"ன்னு சொன்னோம்.

இப்போ "வினை"க்கு வருவோம். இது எங்களுக்கும் கஷ்டமான இடம், ஏன்னா நாங்களும் சைவர்கள்தான். வினைக் கொள்கையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வினை என்பது ஒவ்வொருவரும் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பாக அதை நமக்கு யாரும் கொடுக்கவில்லை. நீரிழிவு வந்தா மாத்திரை, நெஞ்சுவலி வந்தா ஆஸ்பத்திரி, நம்ம பையன் எஸ்பிஎம் பரீட்சையில தோத்தா டியூஷன். அப்பெல்லாம் வினையைப் பத்தி யாரும் பேசறதில்ல. அடுத்தவங்க பிள்ளைன்னா மட்டும் உடனே போன ஜென்மத்துக் கணக்கைத் திறந்து படிக்க ஆரம்பிச்சிடுறோம்.

காரணம் என்னன்னு நமக்கு முழுசா தெரியாது, ஆனா எது காரணம் இல்லைன்னு நல்லாத் தெரியும். டவுன் சிண்ட்ரோம் என்பது 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது. 1959லேயே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாங்க. ஆட்டிசத்தில் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கு. கர்ப்பமா இருக்கிறப்ப கிரகணம் பார்த்ததாலயோ, மாமியார் மனசு நொந்ததாலயோ, அம்மா வேலைக்குப் போனதாலயோ வந்தது இல்ல. தாயைப் பழிக்கிறது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்ல. மேல்நாட்டு மருத்துவர்களும் ஒரு காலத்துல இதைச் செஞ்சாங்க. பாசம் காட்டாத "குளிர்பெட்டித் தாய்"களால்தான் ஆட்டிசம் வருதுன்னு பெரிய பெரிய நிபுணர்களே எழுதினாங்க. 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை, அதைத் தப்புன்னு வாதாடி புத்தகம் எழுதினார். அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே செத்துப் போன பொய் அது. அதை நாம இன்னும் அன்னதான வரிசையில உசுரோட வச்சிருக்கோம்.

எங்கள் தொண்டர்களில் இரண்டு பேர் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர். இவ்வளவு நாள் அவங்க எங்ககிட்டயே வாய் திறக்கல. போன வாரம் சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சிக்கிட்டே பேசினாங்க. அவங்க சொன்னதையும், மற்ற பெற்றோர்கள் எங்ககிட்ட சொன்னதையும் அனுமதி வாங்கித்தான் எழுதுறோம். பேர் கிடையாது.

ஒரு அம்மா சொன்னாங்க: நவராத்திரிக்கு மத்த பிள்ளைங்க மேடையில தேவாரம் பாடுறப்ப கைதட்டிட்டு, கழிவறைக்குள்ள போய் அழுவேன். பொறாமைன்னு நினைச்சு என்னையே வெறுப்பேன். பொறாமை இல்லைன்னு இப்பத்தான் புரியுது, அது துக்கம். செத்த வீட்டுத் துக்கம்னா பதினாறாம் நாள் ஊரே வந்து கேக்கும். இந்தத் துக்கத்துக்குக் கருமாதி கிடையாது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், ஒவ்வொரு பள்ளித் திறப்புக்கும் புதுசா வரும்.

ஒரு அப்பா எட்டு வருஷமா கோயிலுக்கு உள்ள வந்ததில்ல. வெளியே காடியில உட்கார்ந்திருப்பார். பக்தி இல்லாதவர்னு நாங்களே பேசியிருக்கோம். உண்மை என்னன்னா மகளை உள்ளே கூட்டிட்டு வந்தா எல்லாரும் பார்ப்பாங்க, விட்டுட்டு வந்தா மனசு கேக்காது. அதனால காடியிலேயே மகளோட உட்கார்ந்து, மனைவி கொண்டுவர்ற பிரசாதத்தை வாங்கிக்குவார்.

பத்து வயசுத் தங்கச்சி ஒருத்தி. அண்ணனோட பை, தண்ணிப் போத்தல், காதுக்கு மாட்டுற ஹெட்ஃபோன் எல்லாத்தையும் அவதான் தூக்குறா. யாராவது முறைச்சா முந்திக்கிட்டு "அண்ணனுக்கு உடம்பு சரியில்ல"ன்னு சொல்லுவா. அவ பரீட்சையில முதல் ஆளா வந்தா வீட்டுல கொண்டாட நேரம் இருக்காது. அந்தப் பிள்ளைகிட்ட யாராவது ஒரு நாள் "நீ எப்படிம்மா இருக்க?"ன்னு கேட்டிருக்கோமா?

இன்னொரு அம்மா சொன்னதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சோம். எழுதச் சொன்னது அவங்கதான். மகனுக்கு இப்போ 22 வயசு. அர்ச்சனைச் சீட்டு எழுதுறப்ப நாங்க வழக்கம்போல "என்ன வேண்டுதல்மா?"ன்னு கேட்டோம். "எனக்கு ஒரு நாள் முன்னாடி அவன் போயிடணும்" என்றார்கள். எங்களுக்குப் பேனா ஓடல. அவங்க கெட்ட தாய் இல்ல. 22 வருஷமா ஒரு ராத்திரி முழுசா தூங்காத தாய். தனக்குப் பிறகு அவனைப் பார்த்துக்க இந்த ஊரில், இந்தக் கோயிலில், இந்தச் சொந்தத்தில் ஒருத்தரும் இல்லைன்னு முடிவு பண்ணின தாய். அந்த வேண்டுதலுக்கு நாமதான் காரணம், சாமி இல்ல.

அடுத்து, நல்ல மனசோட நாம செய்ற தப்புகள்.

"ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்." "எங்க மாமா பையன் நாலு வயசுலதான் பேசினான், இப்போ இன்ஜினியர்." "குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசல, திருச்செந்தூர் முருகன் பேச வைக்கலயா?" குமரகுருபரர் வரலாற்றை நாங்களும் நம்புறோம். ஆனா அதைச் சொல்லி ஒரு பெற்றோரை மூணு வருஷம் காக்க வைக்கிறது முருக பக்தி ஆகாது. சின்ன வயசுல ஆரம்பிக்கிற பயிற்சிக்குப் பலன் அதிகம். நம்ம அரசு கிளினிக் கெசிஹாத்தானில் கொடுக்கிற குழந்தை சுகாதாரப் புத்தகத்திலேயே 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசம் அறிகுறிகளைப் பார்க்கும் கேள்வித்தாள் இருக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாத பிள்ளை, விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, பேசின வார்த்தை நின்னு போன பிள்ளைன்னா உடனே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்க. முருகனைக் கும்பிட்டுட்டே போகட்டும். முருகன் தடுக்க மாட்டார்.

"வீட்டுல தமிழ் பேசாதீங்க, ஒரே மொழி பேசுங்க, அப்பத்தான் பிள்ளை பேசும்." இதையும் பல பெற்றோர்கள் கேட்டு நடந்திருக்காங்க. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு இன்னும் தாமதமாகும்னு ஆய்வுகள் காட்டவில்லை. தமிழை நிறுத்தினதுல நடந்தது ஒண்ணுதான்: இங்கிலீஷ் தெரியாத பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவுல இருந்த ஒரே பாலமும் போச்சு.

"கடவுள் பலசாலிகளுக்குத்தான் இப்படிப் பிள்ளையைக் கொடுப்பார்", "தெய்வக் குழந்தை." கேக்க இனிப்பா இருக்கும். ஆனா அந்த வார்த்தைய சொல்லிட்டு நாம தள்ளிப் போய் உட்காருறோம். பலசாலின்னு பேர் வாங்கின அம்மா அப்புறம் யார்கிட்டயும் அழ முடியாது, உதவியும் கேக்க முடியாது. தெய்வக் குழந்தைன்னா பக்கத்துல உட்காருங்க. ரெண்டு வாய் சோறு ஊட்டுங்க. அந்த அம்மா பத்து நிமிஷம் தனியா சாமி கும்பிடட்டும்.

எல்லாத்தையும் விட மோசம் பரிகார வியாபாரம். தோஷம் கழிக்க, செய்வினை எடுக்க, பேச்சு வரவைக்கன்னு ஆயிரக்கணக்கான வெள்ளி வாங்குறவங்க இருக்காங்க. தெரபிக்குப் போக வேண்டிய பணம் யாகத்துல எரியுது. பேய் ஓட்டுறேன்னு பிள்ளையை வேப்பிலையால அடிக்கிறவங்களும் உண்டு. அதுக்குப் பேர் பரிகாரம் இல்ல, கொடுமை. நம்ம கோயில் வாசலில் இப்படி ஆள் பிடிக்கிறவங்க யாரா இருந்தாலும், எவ்வளவு உபயம் செஞ்சிருந்தாலும், இனி நாங்க கேள்வி கேப்போம்.

உண்மையான வழி சாதாரண வழிதான். மருத்துவர் உறுதி செஞ்சதும் சமூக நலத்துறையில் ஓகேயு கார்டு பதிவு செய்யுங்க. கார்டு எடுத்தா பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்க, தங்கச்சிக்கு நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காதுன்னு பயந்து எடுக்காத குடும்பங்கள் நம்ம மத்தியிலேயே இருக்கு. அந்தப் பயத்தை அவங்களுக்குக் கொடுத்தது நம்ம வாய்தான். கார்டு இருந்தா அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சலுகை உண்டு. சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிற மாணவர்களுக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு. 2019 முதல் எந்த அரசுப் பள்ளியும் இப்படிப்பட்ட பிள்ளையைச் சேர்க்க மாட்டோம்னு திருப்பி அனுப்பக் கூடாதுங்கிறது கல்வி அமைச்சின் கொள்கை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொது இடங்களுக்கும் பண்பாட்டு வாழ்க்கைக்கும் அவங்களுக்கு உரிமை உண்டுன்னு சொல்லுது. சட்டமும் பள்ளிக்கூடமும் உள்ளே வான்னு சொல்றப்ப, கோயில் வெளியே போன்னு சொல்லலாமா?

"ஆனா மத்த பக்தர்களுக்கு இடைஞ்சல்தானே?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சன்னதியில் விளக்கு எரியுது, எண்ணெய் கொட்டுது, ஓடுற பிள்ளைக்கு ஆபத்துதான். குருக்களுக்கும் ஆகம முறை இருக்கு. இதெல்லாம் நாங்க மறுக்கல. ஆபத்துன்னா கூட ஒரு தொண்டர் நிக்கணும். அதுக்குத்தானே தொண்டர்?

முறையைப் பற்றிப் பேசுறவங்க கண்ணப்பரை மறந்துட்டாங்களா? காளத்தியில் வாயில தண்ணி கொண்டுவந்து அபிஷேகம் பண்ணினார், தலையில செருகின பூவை வச்சார், இறைச்சி படைச்சார். சிவகோசரியார் பார்த்து அநாசாரம்னு துடிச்சுப் போனார். சாமி கனவுல வந்து கண்ணப்பரைத் திருத்தல. ஒளிஞ்சு நின்னு பார்னு சிவகோசரியாருக்குத்தான் பாடம் நடத்தினார்.

நம்ம கோயில் சுற்றுல 63 நாயன்மார் வரிசையில தண்டியடிகள் நிக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருவாரூர்க் குளத்தைத் தோண்ட, கரைக்கும் குளத்துக்கும் கம்பு நட்டு, கயிறு கட்டி, அந்தக் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டே மண் சுமந்தார். சுத்தி நின்னவங்க கேலி பண்ணினாங்க. பின்னால அவருக்குப் பார்வை வந்ததுன்னு புராணம் சொல்லுது. ஆனா குளம் தோண்டுறப்ப பார்வை இல்லாமத்தான் தோண்டினார், தொண்டர் ஆனதும் அப்போதான். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கயிறு. அவரே கட்டிக்கிட்டார். நம்ம பிள்ளைங்களால கட்டிக்க முடியாது. நாமதான் கட்டணும்.

அந்தக் கயிறு என்னன்னு நாங்க உட்கார்ந்து பேசி முடிவு பண்ணியிருக்கோம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கிறோம்.

ஒண்ணு: இப்படிப்பட்ட பிள்ளையோட வர்ற குடும்பம் வரிசையில நிக்க வேண்டாம். கார்டு கேக்க மாட்டோம். சொன்னா போதும்.

ரெண்டு: மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் வர்றதுக்கு முன்னால, கரண்டு மேளமும் ஒலிபெருக்கியும் இல்லாம ஒரு பூசை. கைமணி மட்டும். எல்லாரும் வரலாம். அந்தப் பிள்ளைகளுக்காக மட்டும்னு ஒதுக்கி வைக்கிற பூசை இல்ல.

மூணு: மண்டபத்துக்குப் பின்னால பழைய நாற்காலி அடுக்கியிருக்கிற அறையைச் சுத்தம் பண்ணி, பாய், மின்விசிறி, தண்ணி வச்சுக் கொடுக்கிறது. பிள்ளை அமைதியானதும் திரும்ப உள்ளே வரலாம். அந்தக் கதவு உள்ளே திரும்புறதுக்கான கதவு, வெளியே போறதுக்கு இல்ல.

நாலு: பிள்ளையைப் பார்த்துக்க ரெண்டு தொண்டர் எப்பவும் இருப்போம். அம்மா அப்பா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை பிரகாரம் சுத்தட்டும். கல்யாணத்துக்குப் பிறகு அப்படிச் சுத்தினதே இல்லைன்னு சொன்ன தம்பதி இருக்காங்க.

அஞ்சு: தேவார வகுப்பில் இடம். பாட வேண்டாம். உட்கார்ந்து கேட்டா போதும்.

இதுல எதுக்கும் பெரிய செலவு இல்ல. ஒரு கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கிற காசுல நூறில் ஒரு பங்குகூட ஆகாது. நிர்வாகம் வேண்டாம்னு சொன்னா, ஏன் வேண்டாம்னு எழுத்தில் கேப்போம்.

கடைசியா ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். நம்ம கோயிலுக்கு வெள்ளிக்கிழமை சுமார் 500 பேர் வர்றாங்க. அப்படின்னா நாலு பேராவது இருக்கணும். டவுன் சிண்ட்ரோம், மற்ற வளர்ச்சிக் குறைபாடுகள் எல்லாம் சேர்த்தா இன்னும் கூடும். அவங்க எங்கே? நம்ம தாமான்ல இல்லையா? இருக்காங்க. நாம கோயில்ல இருக்கிற நேரத்துல அவங்க வீட்டுக்குள்ள, இல்லாட்டி வெளியே காடிக்குள்ள இருக்காங்க. கோயில் அமைதியா இருக்குன்னு நாம பெருமைப்படுற அமைதி, அவங்களை வெளியே நிறுத்திக் கிடைச்ச அமைதி.

அன்னிக்கு வந்த அம்மாவுக்கு: நீங்க இதைப் படிப்பீங்களான்னு தெரியாது. மன்னிச்சிடுங்கம்மா. உங்க தேங்காயை மறுநாள் காலையில உங்க பையன் பேர்ல, அவன் நட்சத்திரத்துல உடைச்சோம். பிரசாதம் வாங்க நீங்க வரல. தட்டு எங்ககிட்டதான் இருக்கு, கழுவி வச்சிருக்கோம். அடுத்த முறை வர்றப்ப பையனையும் கூட்டிட்டு வாங்க. அவன் கத்தினா கத்தட்டும். நாங்க மேளத்தை நிறுத்துறோம்.

மற்ற பக்தர்களுக்கு: இந்தப் பதிவைப் பகிருங்க. திட்டணும்னாலும் இங்கேயே திட்டுங்க, பதில் சொல்றோம். ஆனா இந்த வெள்ளிக்கிழமை உங்க பக்கத்துல ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கிட்டு அழுதா, திரும்பி முறைக்காதீங்க. கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்க. அன்னிக்கு உங்க வழிபாடு அதுதான்.

திருச்சிற்றம்பலம்.

இப்படிக்கு,
உங்கள் ஆலயத் தொண்டர்கள்